மோர்க்கஞ்சியில் பத்துச் சொட்டு

அறுவை மருத்துவர் சுற்றி வளைத்துப் பேசாதவர். மார்ச் பதினொன்றாம் தேதி கெர்லோஃப் தன் முன்னால் வந்து நிற்கும்போது எடை அறுபத்தாறு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஏறுமுகத்திலாவது இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படி இருந்தால் குடலில் இருப்பதை வெட்டி எடுத்துவிடலாம். இல்லையென்றால் உடம்பு கத்தியைத் தாங்காது, தள்ளிவைக்க வேண்டியதுதான். எவ்வளவு நாள் தள்ளிவைப்பீர்கள் என்று கெர்லோஃபின் மனைவி பௌக்யே கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் கணினித் திரையைப் பார்த்தாராம். கேட்டவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரிக்ஸ்ட் முதன்முறையாக அந்த வீட்டுக்குப் போனபோது கெர்லோஃப் அறுபத்து மூன்று கிலோ இருந்தார். ஆறடி உயரம். வியாதிக்கு முன்னால் எண்பத்திரண்டு. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

ரிக்ஸ்ட் உணவு ஆலோசகர். நெதர்லாந்தில், ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் அந்தப் பக்கத்தில் ஒன்பது கிராமங்கள் அவள் பொறுப்பு. தராசும் நோட்டும் காரின் பின் இருக்கையில் கிடக்க, வாய்க்கால் ஓரங்களில் பதினோரு வருடமாகப் போய்வந்துகொண்டிருக்கிறாள். சாப்பிட முடியாதவர்களைச் சாப்பிட வைப்பதுதான் அவள் வேலையில் முக்கால்வாசி. கொழுப்பைக் குறையுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, வெண்ணெயைத் தடவுங்கள், க்ரீமை ஊற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஒரே ஆள் அவள். அதனால் கெர்லோஃப் முதல் நாளே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"வாங்க, க்ரீம் இன்ஸ்பெக்டர்."

முப்பத்தொரு வருடம் பாலக் காவலராக இருந்தவர் அவர். படகு வந்தால் சாலையை மறித்துப் பாலத்தைத் தூக்கி, படகு போனதும் இறக்குவது உத்தியோகம். கோபக்காரக் கார்க்காரர்களைச் சமாளித்தே நாக்கு கூர்மையாகிப்போனது. கீமோதெரபி எத்தனையோ எடுத்துக்கொண்டுவிட்டது, அதை மட்டும் தொடவில்லை.

"படகு வந்தா தூக்குவேன், போனா இறக்குவேன். இப்போ என் வயிறு இருக்கே, எது வந்தாலும் தூக்கித் திருப்பி அனுப்புது" என்றார்.

குமட்டலுக்கும் பசிக்குமாகக் குடும்ப மருத்துவர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்திருந்தார். மருந்தகத்தில் மருந்தாளர் சித்சே அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பொறுமையாகச் சொல்லித் தந்திருந்தார். இரண்டு சொட்டில் ஆரம்பித்து, மூன்று நாளைக்கு ஒரு சொட்டு ஏற்ற வேண்டும். பத்துக்கு மேல் போவதானால் கேட்டுவிட்டுத்தான். கெர்லோஃப் பத்துக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பச்சைத் தண்ணீரைக் குடித்த மாதிரி இருக்கிறது என்றார். பௌக்யேவுக்கு அந்தப் புட்டியே பிடிக்கவில்லை. நகரத்தில் இளவட்டங்கள் கடை வாசலில் நின்று ஊதுகிற சமாச்சாரம் தன் சமையலறைக்குள் வந்துவிட்டதே என்று, தேவாலயப் பாடகர் குழுப் பெண்கள் கண்ணில் படாதபடி வினிகர் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்.

ரிக்ஸ்ட் தன் தாளில் மருந்துகள் என்ற கட்டத்தில் 'கஞ்சா எண்ணெய், மருந்தகம் கவனிக்கிறது' என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். அந்த ஊரில் அதுதான் ஒழுங்கு. மருந்து மருந்துக்காரர் பாடு, சோறு சோற்றுக்காரி பாடு. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பது அங்கே திருட்டுக்கு அடுத்தபடியான குற்றம்.

சாப்பாட்டைப் பற்றி அவள் துருவித் துருவிக் கேட்டாள். காலையில் அரைத்துண்டு ரொட்டி, அதுவும் பாதி நாள் இறங்காது. பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சூடான சாப்பாடு. உருளைக்கிழங்கு, ஏதாவது கீரை, இறைச்சி. அதில் கெர்லோஃப் முள்கரண்டியால் கோலம் போட்டுவிட்டு நகர்த்திவிடுவார். கடைசியில் வரும் மோர்க்கஞ்சி மட்டும் உள்ளே போகும், போனது தங்கும். மோரில் பார்லியைக் குழைய வேகவைத்து மேலே பாகு ஊற்றிய கஞ்சி. நாற்பத்து மூன்று வருடமாகப் பௌக்யே அதைக் காய்ச்சுகிறார். மதியம் ஒரு கிண்ணம், இரவு ஒரு கிண்ணம்.

இறங்குகிற ஒரே பொருளை விட்டுவிடக் கூடாது என்று ரிக்ஸ்ட் யோசித்தாள். கஞ்சி அப்படியே இருக்கட்டும், ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கரண்டி கெட்டி க்ரீமும் ஒரு துண்டு வெண்ணெயும் கலந்துவிடுங்கள், ருசி மாறாது, ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிண்ணத்துத் தெம்பு என்றாள். சொன்னபோது தன் கெட்டிக்காரத்தனம் அவளுக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

பௌக்யே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெண்ணெயைக் கடைஞ்சு எடுத்தப்புறம் மிஞ்சுறதுதான் மோர். எடுத்ததை மறுபடி உள்ளயே போடச் சொல்றீங்க. அதுக்குப் படிப்பு வேற."

ஆனாலும் க்ரீம் வாங்கினார். மார்ச் பதினொன்று அவருக்கும் மனப்பாடம்.

அந்த வார வியாழக்கிழமை பிற்பகல் இரண்டே காலுக்கு ரிக்ஸ்ட்டின் கைபேசி அடித்தது. வாருங்கள் என்று மட்டும் பௌக்யே சொன்னார். அவள் போய்ச் சேர்ந்தபோது குடும்ப மருத்துவர் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. எண்ணெய் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது, தூங்கினால் இறங்கிவிடும், மருந்தகத்தில் பேசாமல் இனி ஒரு சொட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பௌக்யே ரிக்ஸ்ட்டை நடையிலேயே நிறுத்திக்கொண்டார். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் காபி கொடுக்கிற வீடு அது.

நடந்ததை அவர் அங்கேயே நின்றபடி சொன்னார். பன்னிரண்டு மணிச் சாப்பாடு, வழக்கம்போல் கஞ்சி. ஒன்றே காலுக்குக் கெர்லோஃப் எழுந்திருக்கப் பார்த்தார், தரை நழுவுகிறது என்றார். பிறகு பாலம் திறந்தே கிடக்கிறது, யாராவது போய் மூடுங்கள் என்று கத்தினார். நெஞ்சு படபடவென்று அடிப்பது மேல்சட்டைக்கு வெளியே தெரிந்தது. நாற்காலிக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். பௌக்யேவைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார்.

அதைச் சொல்லும்போது மட்டும் பௌக்யேவின் குரல் ஒரு படி இறங்கியது.

"ஒண்ணு உங்க க்ரீம், இல்லேன்னா அவங்க எண்ணெய். எதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டுமே இந்த வீட்டுக்கு வேண்டாம்."

ரிக்ஸ்ட் ஒரு கேள்வி மட்டும் கேட்க அனுமதி கேட்டாள். சொட்டு மருந்தை அவர் எதோடு எடுத்துக்கொள்கிறார்?

"கஞ்சியிலதான். நாக்குக்கு அடியில வெச்சுக்கச் சொன்னாங்க, வெச்சதும் குமட்டிடுச்சு. ரெண்டாம் நாள்லேர்ந்தே கஞ்சியில விட்டுக் கலக்கிக் குடுக்கறேன். ருசி தெரியாதில்ல."

க்ரீமும் எண்ணெயும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்திருப்பது ரிக்ஸ்ட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. கூடத்தில் சோபாவில் கெர்லோஃப் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பதைக் கதவிடுக்கு வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு நேராக மருந்தகத்துக்கு வண்டியை விட்டாள்.

சித்சே கெர்லோஃபின் கோப்பிலிருந்த காகிதங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளின் நகலும் அதில் இருந்தது. நான்காவது வரி: உணவோடும் எடுக்கலாம், உணவில்லாமலும் எடுக்கலாம், ஆனால் எப்போதும் ஒரே விதமாக எடுக்கவும். ரிக்ஸ்ட் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அந்தத் தாள் செவ்வாய்க்கிழமை அதே சமையலறை மேசையில்தான் கிடந்தது. அவள் தன் நோட்டை அதன்மேல் வைத்து எழுதியிருந்தாள்.

கஞ்சாவின் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சரியாக ஏறும். மோரில் கொழுப்பு என்று பெயருக்குத்தான் உண்டு. பத்துச் சொட்டில் பெரும்பகுதி இத்தனை நாளும் கெர்லோஃபின் உடம்பைச் சும்மா கடந்துபோயிருக்கிறது. வேலை செய்யவில்லை, வேலை செய்யவில்லை என்று அவர் சொட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். செவ்வாய் இரவு பௌக்யே தயங்கித் தயங்கி அரைக்கரண்டி க்ரீம்தான் விட்டிருக்கிறார்; புதன்கிழமை மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை, கஞ்சியும் இல்லை, சொட்டும் இல்லை. வியாழன் மதியம்தான் ரிக்ஸ்ட் சொன்ன முழு அளவு. அதே பத்துச் சொட்டு அன்றைக்கு மூன்று நான்கு மடங்காக ஏறிவிட்டது.

சித்சே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அடுத்த புட்டி வாங்க வந்தப்போ சாப்பாட்டோடயா எடுக்கறீங்கன்னு நான் கேட்டேன். ஆமா, தினமும் கஞ்சியோடன்னாங்க. ஒரே மாதிரிதானேன்னு விட்டுட்டேன். என்ன கஞ்சின்னு கேட்கத் தோணலை. இந்த ஊர்லயே பொறந்தவன் நான், எனக்குத் தெரியாதா அந்தக் கஞ்சியை."

"அந்த ஒரே மாதிரியைக் கலைச்சது நான்தான்" என்றாள் ரிக்ஸ்ட். "உன் தாள்மேலயே நோட்டை வெச்சு எழுதிட்டு வந்திருக்கேன்."

யார் தப்பு அதிகம் என்பதில் அவர்கள் அதிக நேரம் செலவழிக்கவில்லை. மார்ச் பதினொன்றுக்கு நான்கு வாரமும் சில நாட்களும் இருந்தன.

அந்தப் பகுதியில் சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போக முடியாது. ரிக்ஸ்ட் வெள்ளிக்கிழமை கூப்பிட்டாள், பௌக்யே எடுக்கவில்லை. சனிக்கிழமை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நடந்தது என்னவென்று சொல்ல வேண்டும், அதன்பிறகு நீங்கள் போகச் சொன்னால் போய்விடுகிறோம் என்றாள். திங்கள், பத்தரை மணி என்று பதில் வந்தது. பத்தரை என்றால் காபி நேரம். ரிக்ஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தராசு அறுபத்திரண்டு புள்ளி நான்கு காட்டியது. எண்ணெயும் நின்று க்ரீமும் நின்று, நான்கு நாளில் இருந்ததும் கரைந்திருந்தது. மேசையில் நான்கு கோப்பைக் காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். பிஸ்கட் டப்பாவின் மூடி இறுக்கிச் சாத்தியிருந்தது.

ரிக்ஸ்ட் முன்னுரை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது, எண்ணெயைப் பற்றிக் கேட்காமலே சாப்பாட்டை மாற்றினேன் என்றாள். சித்சே தன் பங்கைச் சொன்னார். பிறகு மோர், வெண்ணெய், சொட்டு மூன்றையும் வைத்து என்ன நடந்தது என்று பொறுமையாக விளக்கினார். விஷம் இல்லை, உயிருக்கு ஆபத்தாக எதுவும் நடக்கவில்லை, ஆனால் அப்படி ஒரு மதியத்தை ஒரு மனிதருக்குக் கொடுத்திருக்கக் கூடாது. மறுபடி இரண்டே சொட்டில் ஆரம்பிக்கலாம். இந்த முறை கொழுப்போடு. நாலைந்து சொட்டே போதுமானதாக இருக்கும் என்றார்.

கெர்லோஃப் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அவர் வேடிக்கை எதுவும் சொல்லாதது ரிக்ஸ்ட்டுக்கு என்னவோபோல் இருந்தது.

"என் வீடே எனக்கு அடையாளம் தெரியலை, பொண்ணே" என்றார் கடைசியில். "இவளைத் தெரியலை. அதுக்குக் குமட்டலே மேல். குமட்டினா நான் கெர்லோஃப்னாவது எனக்குத் தெரியும்."

பயப்படாதீர்கள் என்று சொல்வது எளிது. நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவர் அவர். ரிக்ஸ்ட் நோட்டை மூடிவிட்டாள். எண்ணெய் இல்லாமல் மூன்றரைக் கிலோ ஏற்றுவதற்கு என்ன வழி என்று மனத்துக்குள் தேடினாள், சின்னச் சின்ன வழிகளாகத்தான் கிடைத்தன.

அப்போது பௌக்யே எழுந்து போய் அடுப்பருகே, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு அஞ்சு மணிக்கு இவர் எழுந்தார்" என்றார். "எழுந்து சாப்பிட்டார்."

சித்சே கோப்பையைக் கீழே வைத்தார்.

"கேல் கீரை மசியல் இருந்துது. ஒரு தட்டு. அப்புறம் இன்னொரு தட்டு. குழம்பு எங்கேன்னு கேட்டார். நான் கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டே இருந்தேன். வாந்தி வரும் வரும்னு பார்த்தேன், வரலை. அப்படியே மறுபடி போய்ப் படுத்துக்கிட்டார்."

கெர்லோஃப் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது எதுவுமே நினைவில் இல்லை. "சாசேஜும் தின்னேனா?"

"முழுசா ஒண்ணு. அப்புறம் என் தட்டுல இருந்ததையும்."

"இதை ஏன் நீ சொல்லவேயில்லை?"

பௌக்யே பாத்திரத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சொன்னா திரும்பக் குடுக்கச் சொல்வாங்கன்னுதான். டாக்டர்கிட்டயும் சொல்லலை. நாலு நாளா நெஞ்சுல வெச்சுக்கிட்டு இருக்கேன், ஹெய்ட்."

பிள்ளைகள் அப்பாவை அழைக்கிற அந்தச் சொல்லால்தான் அவர் கணவரைக் கூப்பிடுவது. ஆனால் வெளியார் முன்னால் கூப்பிட்டு ரிக்ஸ்ட் அதுவரை கேட்டதில்லை.

கெர்லோஃப் நீண்ட நேரம் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உறைபனி விட்டிருந்தது, தண்ணீர் கறுப்பாக இருந்தது. பிறகு, ரெண்டு சொட்டுதானே என்றார் சித்சேவிடம். ரெண்டே ரெண்டு என்றார் சித்சே. நீ பக்கத்துல இருப்பியா என்றார் மனைவியிடம். நான் வேற எங்கே போவேன் என்றார் அவர்.

அதன்பிறகு பௌக்யே நிபந்தனை போட்டார். மருந்தகத்துக்கு ஒரு தாள், சாப்பாட்டுக்கு ஒரு தாள் என்பது இனி இந்த வீட்டில் கிடையாது. ஒரே தாள். அலமாரியிலிருந்து கோடு போட்ட காகிதத்தை எடுத்து, பாடகர் குழுவின் வருகைப் பதிவை எழுதும் அதே கையெழுத்தில் கட்டம் போட்டார். மணி, எத்தனை சொட்டு, எதோடு, அடுத்த வேளை எவ்வளவு சாப்பிட்டார், தலை எப்படி இருந்தது.

"இதுல ஒருத்தர் எதை மாத்தினாலும் இன்னொருத்தருக்குத் தெரியணும். எனக்குச் சொல்றதுக்கு முன்னாடியே தெரியணும். என்னை உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா ஆக்காதீங்க."

சித்சேவும் ரிக்ஸ்ட்டும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு முதன்முறையாக ஒன்றாகக் கணக்குப் போட்டார்கள். விழுங்கிய எண்ணெய் வேலையைக் காட்ட ஒன்று ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்படியானால் கஞ்சியோடு கொடுப்பதே பிசகு. பசி வரும்போது மேசை காலியாக இருக்கும். பன்னிரண்டு மணிக்குப் பசிக்க வேண்டுமென்றால் பத்தரை மணிக் காபியோடு கொடுக்க வேண்டும். எதோடு? ஒரு விரற்கடை தடிமனுக்கு வெண்ணெய் தடவிய சர்க்கரை ரொட்டி, அரைத்துண்டு போதும் என்றாள் ரிக்ஸ்ட். மாலையிலும் அப்படியே, நான்கரைக்கு. கஞ்சியில் க்ரீம் இருக்கலாம், சொட்டு கூடாது. நாலு நாளைக்கு ஒரு சொட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றார் சித்சே. கெர்லோஃப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் வயிற்றுக்குக் கால அட்டவணை போட ரயில்வேக்காரர்களை வரவழைத்திருக்கலாம் என்றார்.

பௌக்யே பிஸ்கட் டப்பாவைத் திறந்து இரண்டாவது சுற்று நீட்டினார். அந்த ஊரில் இரண்டாவது பிஸ்கட் என்பது லேசில் கிடைப்பதல்ல.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அறுபத்திரண்டு புள்ளி மூன்று. தாளில் 'தலை' என்ற கட்டத்தில் தினமும் 'சரி, சரி' என்றே இருந்தது, ஒரு நாள் மட்டும் 'வாய் உலர்கிறது, எரிச்சல்' என்றும், அதன் கீழே வேறு கையெழுத்தில் 'எரிச்சல் எண்ணெயால் அல்ல, மருமகனால்' என்றும் எழுதியிருந்தது. இரண்டாவது வாரம் மூன்று சொட்டில் ஏதோ ஒன்று வழிக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கெர்லோஃப் தானாகவே மேசைக்கு வந்து உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு பாதி போனது. அடுத்த நாள் முக்கால். நான்கு சொட்டில் நிறுத்திக்கொண்டார்கள். ஐந்துக்குப் போன அன்று மாலை கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று பௌக்யே எழுதியதைப் பார்த்துச் சித்சே ரிக்ஸ்ட்டைக் கூப்பிட, ரிக்ஸ்ட் அன்றைய ரொட்டியில் வெண்ணெயின்மேல் பாலாடைக்கட்டியும் இருந்ததைக் கவனித்துச் சொல்ல, மறுநாள் இரண்டும் பழையபடி ஆயின. பௌக்யேவுக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்புதான் வந்தது.

பிப்ரவரிக் கடைசியில் அறுபத்து மூன்று புள்ளி ஆறு. நடுவில் ஜலதோஷம் பிடித்து மூன்று நாள் பாழானது. மார்ச் ஏழாம் தேதி அறுபத்து நான்கு புள்ளி ஒன்பது. அன்று தராசிலிருந்து இறங்கும்போது கெர்லோஃப், பாக்கெட்டில் பழைய பாலச் சாவிகளைப் போட்டுக்கொண்டு ஏறட்டுமா என்று கேட்டார். மருத்துவமனையில் உள்ளாடையோடு நிற்க வைத்து நிறுப்பார்கள் என்றாள் ரிக்ஸ்ட்.

பதினொன்றாம் தேதி அவள் வேறு கிராமத்தில், வேறொரு சமையலறையில் இருந்தாள். கைபேசியை அணைத்து வைப்பது அவள் வழக்கம். அன்று அணைக்கவில்லை, அதுவும் அடிக்கவில்லை. மறுநாள் பத்தரைக்கு அடித்தது. நல்ல சேதியோ கெட்ட சேதியோ பௌக்யே காபி நேரத்துக்குத்தான் சொல்வார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அறுபத்தைந்து புள்ளி இரண்டு என்றார் பௌக்யே. அறுபத்தாறு இல்லை. அறுவை மருத்துவர் உதட்டைப் பிதுக்கினாராம். அப்போது பௌக்யே கைப்பையிலிருந்து தாளை எடுத்து அவர் முன்னால் பிரித்து வைத்திருக்கிறார். இப்போது அது ஐந்து தாள், ஓரத்தில் ஒட்டிச் சேர்த்தது. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றாராம் பௌக்யே. யார் சொல்லி என்றார். யாரும் சொல்லவில்லை என்றாராம். ஏறுமுகம்தான் என்று சொல்லிவிட்டு நாட்காட்டியைப் பார்த்தார்.

"பதினெட்டாம் தேதி, செவ்வாய். காலையில ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கு."

ரிக்ஸ்ட் காரை ஓரமாக நிறுத்தியிருந்தாள். ஏதாவது சொல்ல வாய் திறந்தாள். பௌக்யே அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இருங்க, இன்னும் முடிக்கலை. மயக்க மருந்து டாக்டர்கிட்ட எண்ணெயைப் பத்தி நானே சொல்லிட்டேன். எப்போ நிறுத்தணும்னு மருந்தகத்துல அவரே பேசிச் சொல்றாராம். சரி, நிறுத்தினா அந்த மனுஷனுக்குப் பசிக்காது. பசிக்காத நாள்ல நான் அவருக்கு எதைக் குடுக்கறது? அது உங்க துறை. நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசிக்கோங்க. பேசிட்டு ஒருத்தர் கூப்பிட்டாப் போதும்."

சரி என்றாள் ரிக்ஸ்ட். பின்னால் கெர்லோஃப் ஏதோ சத்தமாகக் கேட்பதும், வெண்ணெய் மேசைமேலதான் இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க என்று பௌக்யே திரும்பிச் சொல்வதும் காதில் விழுந்தன. இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவள் அடுத்து மருந்தகத்தின் எண்ணை அழுத்தினாள்.